காணொளி வகுப்பில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே கேட்கின்றன. வீட்டில் ஒலியைச் சீர்செய்வது எப்படி?

காட்பாடித் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். காட்பாடி காந்தி நகரில் வீடு. கடந்த ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 6.30 மணிக்கு, கலிபோர்னியாவின் கோடைக்கால நேரப்படி சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, அங்கே வளரும் 7 குழந்தைகளுக்குக் காணொளி வழியாகத் தமிழ் கற்பித்து வருகிறேன்.

சென்ற வாரம் சொல்வதெழுதுதல் வைத்தேன். ‘உழவு’ என்று நான் சொன்னதை நான்கு குழந்தைகள் ‘உளவு’ என்று எழுதியிருந்தார்கள். ‘வலி, வளி, வழி’ என்று அடுத்தடுத்துச் சொன்னபோது மூன்றையும் ஒரே சொல்லாக எழுதியவர்களும் உண்டு. முதலில் அவர்களுடைய காதுகளுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை என்றே நினைத்தேன். ஆனால் அவர்களில் ஒரு பெண் விடுமுறைக்குக் குடியாத்தத்திலுள்ள தன் பாட்டி வீட்டுக்கு வந்தபோது என்னையும் பார்க்க வந்தாள். எதிரே உட்காரவைத்து அதே சொற்களைச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். ஆகவே குறை குழந்தையின் காதில் இல்லை, என் குரல் அங்கே போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது என்று உறுதியாயிற்று.

இதுவரை இரண்டு காரியங்கள் செய்தேன். இணையத்தின் வேகத்தை 40 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு உயர்த்தினேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு 4,500 ரூபாய் கொடுத்து யூஎஸ்பி வழியாக மடிக்கணினியில் இணைக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கி, திரையை மறைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக மடிக்கணினிக்குப் பின்னால் உள்ள அலமாரித் தட்டில் வைத்தேன். நிலைமை மோசமாயிற்று. மின்விசிறியின் இரைச்சல், சன்னலுக்கு வெளியே கத்தும் காகம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாம் இப்போது என் குரலோடு சேர்ந்து போகின்றன என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள்.

அறை 10 அடிக்கு 12 அடி. உயரம் 10 அடி. டைல்ஸ் தரை, சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவர்கள், ஒரு இரும்புப் பீரோ, ஒரு மர மேசை. வேறு பொருள்கள் இல்லை. மின்விசிறியை நிறுத்த முடியாது. நம் ஊர் வெயிலைப் பற்றி இங்கு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டுமா, சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அட்டைகள் வாங்க வேண்டுமா, அல்லது குறை வேறெங்காவது இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன். ஒரு மொழியின் ஒலியைக் கற்றுக்கொள்ளும் வயது குழந்தைகளுக்குத் திரும்ப வராது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குடியாத்தம் மைக்செட்

அம்மா, வணக்கம். குடியாத்தத்தில் 22 ஆண்டுகளாக மைக்செட் தொழில் செய்து வருகிறேன். மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் வாங்கியது நல்ல வகைதான். அதை வைத்திருக்கும் இடம்தான் தவறு.

நம் வட்டாரத்துக் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, மேடைக்கு மேலே குறுக்காகக் கம்பி கட்டி அதிலிருந்து மைக்கைத் தொங்கவிடுவோம். கட்டியக்காரர் மைக்குக்கு நேர் கீழே நின்று பேசும்போது கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். அவரே மூன்றடி பின்னால் போய்ப் பேசினால், பின்னணியில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியமும் முகவீணையும்தான் கேட்கும், வசனம் அதில் அமுங்கிவிடும். அதே மைக், அதே ஆள், அதே குரல். இடைவெளி மட்டும்தான் வேறு. உங்கள் அறையிலும் இதுவே நடக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வாயிலிருந்து நேராக மைக்குக்கு வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். உங்கள் மைக் இப்போது ஏறக்குறைய 3 அடி தூரத்தில் இருக்கிறது என்று கொள்கிறேன். அதை ஒரு சாண் தூரத்துக்கு, அதாவது 9 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் தூரம் நான்கில் ஒன்றாகும்; குரல் 12 டெசிபல் கூடும், ஆற்றல் கணக்கில் அது 16 மடங்கு. ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருப்பதால், மைக் எங்கே இருந்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். குரல் உயர்ந்துவிட்டபடியால் கணினியில் மைக்கின் அளவைக் குறைத்துவிடலாம். குறைக்கும்போது இரைச்சலும் சேர்ந்து குறையும். ஆகவே எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவாருங்கள். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சற்று விலக்கி வைத்தால் ‘ப’ சொல்லும்போது காற்று மோதி வெடிப்பது போலக் கேட்காது.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை மைக்குகளில் பல, உச்சியில் பேசுவதற்கு உரியவை அல்ல. பக்கவாட்டில்தான் பேச வேண்டும். இதயம் போன்ற சிறு குறி போட்டிருக்கும் முகப்பு உங்களைப் பார்த்தபடியும், முதுகுப்புறம் தெருச் சன்னலைப் பார்த்தபடியும் இருக்கட்டும். அதன் முதுகுப் பக்கம் காது மந்தம். மேசையின் அதிர்வு ஏறாமல் இருக்க அடியில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போடுங்கள்.

அடுத்தது அறை. நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ட்ர்ர்’ என்று ஓர் ஒலி நீடித்தால் அது எதிர்ச்சுவர்களுக்கு இடையே மாறி மாறி மோதும் எதிரொலி. ஒரு சொல்லில் முன் எழுத்தின் எதிரொலி பின் எழுத்தின்மேல் போய்ப் படிகிறது. ‘உழவு’, ‘உளவு’ இரண்டிலும் வேறுபாடு நாக்கு வளைந்து எழும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது; அந்தக் கணத்தின்மேல் முந்தைய உகரத்தின் எதிரொலி வந்து படிந்தால் கேட்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

அறையின் எதிரொலியைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் இயற்பியல் ஆசிரியர் 1895-இல் தொடங்கிய சோதனைகளில் கண்டறிந்தார். பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தார். திறந்த சன்னலைத்தான் அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஏனெனில் அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. அந்தக் கணக்கை உங்கள் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 680 சதுர அடி. பூச்சுச் சுவரும் டைல்ஸும் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஒலியை உறிஞ்சும் என்று கொண்டால், 680 சதுர அடியும் சேர்ந்து 20 சதுர அடி திறந்த சன்னலுக்குத்தான் சமம். வெற்று அறையில் ஒலி அடங்க ஏறக்குறைய 2.9 வினாடி ஆகும். 5 அடிக்கு 7 அடி அளவுள்ள பஞ்சு ரஜாய் இரண்டைத் தொங்கவிட்டு, அவை பாதியளவு உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் அது 1.1 வினாடிக்குக் கீழே இறங்கிவிடும். ஸ்பாஞ்சு அட்டைக்குப் பணம் கொடுக்கும் முன்பு பரணில் இருக்கும் ரஜாயை எடுங்கள். ஒன்றை உங்கள் முதுகுக்குப் பின்னாலும் மற்றொன்றை மடிக்கணினிக்குப் பின்னால் நீங்கள் பார்த்துப் பேசும் சுவரிலும், சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். கோரைப் பாய் மெல்லியது. அதற்கு இந்த வேலை ஆகாது. முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டச் சொல்வார்கள். அவற்றால் பயன் மிகக் குறைவு, காசும் உழைப்பும் வீண்.

இரும்புப் பீரோவை மறந்துவிட வேண்டாம். உரக்கப் பேசும்போது அதன் கதவுத் தகட்டில் கையை வைத்துப் பாருங்கள், அதிர்வது தெரியும். கதவு இடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகி மூடினால் அது அடங்கும்.

சத்துவாச்சாரி 2.4

அம்மா அவர்களுக்கு வணக்கம். மேலே ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். என் வேலை கணினி வலையமைப்பு. நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் இருந்து நாள் முழுவதும் அழைப்புகளில் பேசுகிறவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நீங்கள் இணைய வேகத்தை உயர்த்தியும் மாற்றம் தெரியாததன் காரணம். குரலுக்கு வேகம் மிகக் குறைவாகவே தேவை. உலாவி வழியாக நடக்கும் பெரும்பாலான அழைப்புகளில் குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் என்னும் முறை, 2012-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. அது 6 கேபிபிஎஸ் முதல் 510 கேபிபிஎஸ் வரை இயங்கக்கூடியது (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தது ஓர் எம்பிபிஎஸ்). பேச்சுக்கு 30 கேபிபிஎஸ் அளவு இருந்தாலே தெளிவாக இருக்கும். உங்கள் பழைய திட்டமே அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். ஆனால் குரல் வழக்கமாக வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பிந்தி வந்த பொட்டலத்தால் பயனில்லை. மென்பொருள் அந்த இடத்தை ஊகித்து இட்டு நிரப்பிவிடும். ஊகித்து நிரப்பப்பட்ட அந்த 20 மில்லிவினாடிகளில் உங்கள் ழகரத்தின் பாதி போயிருக்கலாம். ஆகவே வேகம் அன்று, சீர்மைதான் தேவை. இயன்றால் மோடத்திலிருந்து மடிக்கணினிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். இயலாவிட்டால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். முன்னதில் அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே எல்லையில்தான் வேலை செய்கிறது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் வலுக் குறைந்தது என்பதால் மோடம் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ உட்கார வேண்டும்.

இரண்டாவது, இதைப் பெற்றோர்களிடம் கேட்டே ஆக வேண்டும்: குழந்தைகள் காதில் மாட்டியிருப்பது புளூடூத் கருவியா? புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு மட்டும் கேட்கும்போது ஒலி நன்றாக இருக்கும். ஆனால் அதன் மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியவுடன், பெரும்பாலான கருவிகள் தொலைபேசிப் பேச்சுக்கென்று அமைந்த வேறொரு முறைக்குத் தாவிவிடுகின்றன. அதன் பழைய வடிவத்தில் ஒலியிலிருந்து வினாடிக்கு 8,000 மாதிரிகள்தான், அதாவது கணநேர அளவீடுகள்தான், எடுக்கப்படும். மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலி பதியும் என்பதால், 4,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள எந்த ஒலியும் போகாது. சற்றுப் புதிய வடிவத்தில் 16,000 மாதிரிகள், 8,000 ஹெர்ட்ஸ் வரை. ‘ஸ’, ‘ஷ’, சொல் முதலில் வரும் ‘ச’ ஆகியவற்றின் சீறொலியில் பெரும்பகுதி 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் குழந்தையின் காதருகே அது அறுபட்டுவிடும். தீர்வு எளிது: ஒயர் உள்ள இயர்போன். அல்லது அழைப்பின் அமைப்புகளில் கேட்பதற்கு மட்டும் புளூடூத்தையும், பேசுவதற்குக் கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் பக்கத்திலும் ஸ்பீக்கரைத் தவிர்த்து இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் வரும் குழந்தைகளின் குரல் உங்கள் மைக்குக்குள் மறுபடி போகாமல் தடுக்க மென்பொருள் ஓயாமல் வேலை செய்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது அது உங்கள் குரலையும் சேர்த்து நறுக்கிவிடும். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல ஏழு பேரும் திருப்பிச் சொல்லும் வகுப்பில் இது பெரிய இடையூறு.

வாலாஜா பண்ணிசை

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் வாலாஜாபேட்டையில் பண்ணிசை கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பாதிப்பேர் இணைய வழியில்தான் பயில்கிறார்கள். எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

தொடக்கத்தில் நான் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாடினால், முதல் சில வினாடிகள் மட்டும் அது மாணவர்களுக்குக் கேட்கும், பிறகு மறைந்துவிடும். என் முன்னால் பெட்டி ஒலித்துக்கொண்டே இருக்கும், அவர்களோ சுருதி எங்கே அம்மா என்று கேட்பார்கள். பல நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அழைப்பு மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அதை மின்விசிறி என்று எண்ணி அது அழித்துவிடும். நீட்டிப் பாடும் கார்வையையும் அவ்வாறே தேய்த்துவிடும்.

பேச்சுக்கு இது நன்மைதானே என்று கேட்கலாம். மேலே எழுதியவர்கள் இதைத் தொடவில்லை. ஆனால் தமிழ் கற்பிக்கும் வகுப்புக்கு இது முழு நன்மை அன்று என்பது என் கருத்து. ‘பாட்டு’, ‘காசு’, ‘எஃகு’ போன்ற சொற்களின் இறுதியில் உள்ள குற்றியலுகரம் அரை மாத்திரைதான் ஒலிக்கும். குரலும் அங்கே தணிந்துவிடும். தணிந்த அந்த முடிவை இரைச்சல் நீக்கி ‘பேச்சு முடிந்தது’ என்று கொண்டு வெட்டிவிடுகிறது. என் மாணவி ஒருத்தி ‘பாட்ட்’ என்று முடித்துக்கொண்டே இருந்தாள். திருத்தித் திருத்திப் பார்த்து, பிறகுதான் அவளுக்குக் கேட்பதே அப்படித்தான் என்று அறிந்தேன்.

ஜூம் என்றால் ஒலி அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்னும் வசதியை இயக்கினால் இந்த வடிகட்டல்கள் விலகும். கூகுள் மீட்டில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்பதை அணைக்கலாம். ஆனால் இதைச் செய்யும் முன்னர் மைக் அருகில் இருக்க வேண்டும், அறை அடங்கியிருக்க வேண்டும், காதில் இயர்போன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் முழுவதும் அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஆகவே குடியாத்தம் ஐயா சொன்னதை முதலில் முடியுங்கள், இது கடைசியில்.

சட்டைக் காலர் மைக்கைப் புடவையில் குத்திக்கொள்ள யாராவது சொன்னால் ஓர் எச்சரிக்கை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் முந்தானை உரசுவதும் கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டுவதும் அந்தப் பக்கம் இடி போலக் கேட்கும். அப்படிக் குத்திக்கொள்வதானால் சங்கிலி எட்டாத இடத்தில், முந்தானை போகாத தோளின் பக்கமாக, ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிக் குத்த வேண்டும்.

காட்பாடித் தமிழாசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு நான்கு நாட்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாது என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ‘வலி வளி வழி, அலை அளை அழை, பாட்டு காசு எஃகு’ என்னும் ஒன்பது சொற்களைப் பதிவு செய்து, ஒயர் உள்ள இயர்போனில் கேட்டுப் பார்த்தேன்.

முதல் பதிவு மைக் அலமாரித் தட்டில் இருந்தபடியே. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இந்த மைக் வாங்கியதிலிருந்து அந்தக் குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று எண்ணியபோது எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது. இரண்டாவது பதிவுக்கு, தடித்த புத்தகங்கள் நான்கை மேசையில் அடுக்கி, அவற்றின்மேல் மடித்த துண்டைப் போட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இடது கன்னத்தின் பக்கம் வைத்தேன். இவ்வளவு நாளும் அதன் முதுகுப்புறத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதயக் குறி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பி வைத்து, கணினியில் மைக் அளவை 90-லிருந்து 45-க்குக் குறைத்தேன். அந்த ஒரு மாற்றத்திலேயே காகமும் தண்ணீர் மோட்டாரும் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன. ‘வளி’க்கும் ‘வழி’க்கும் வேறுபாடு எழுந்து வந்தது.

ரஜாய்களைத் தொங்கவிட்ட பின் கைதட்டினேன். முன்பு நீண்ட அந்த ‘ட்ர்ர்’ இப்போது இல்லை. பீரோ இடுக்கில் பழைய பாவாடைத் துணியைச் செருகினேன். மோடத்தைக் கூடத்திலிருந்து இந்த அறை வாசலுக்கு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பியதில், ஏழு பேரில் ஐந்து பேர் புளூடூத் கருவிதான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தது. அடுத்த வகுப்புக்குள் ஒயர் இயர்போன் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. மின்விசிறியை 2-இல் வைத்தால் காற்று குறைகிறது, ஆனால் ‘ம்ம்ம்’ என்னும் ஓர் உறுமல் கூடுகிறது. முழு வேகத்தில் வைத்தால் உறுமல் குறைந்து காற்று மைக்கில் மோதுகிறது. மற்றொன்று, மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு முழுவதும் ஒரு ரீங்காரம் கேட்கிறது. நான்காவது நாள் காலை அரைமணி நேரம் மின்தடை இருந்ததால்தான் இதைக் கவனித்தேன்.

குடியாத்தம் மைக்செட்

அம்மா, இவ்வளவு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துப் பதில் எழுதுபவர்கள் குறைவு. மகிழ்ச்சி.

2-இல் உறுமுவதற்குக் காரணம் பெரும்பாலும் ரெகுலேட்டர். தொடர்ச்சியாகத் திருகும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னோட்டத்தை ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அப்படி வெட்டுப்பட்ட மின்சாரத்தில் மோட்டார் உறுமும். ‘டக், டக்’ என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. காற்று மோதுவதற்கு, மேசையை மின்விசிறிக்கு நேர் கீழிருந்து இரண்டு மூன்று அடி ஓரமாக நகர்த்துங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை ஒன்று கட்டாயம் போடுங்கள். பணம் செலவழிக்க வேண்டிய ஸ்பாஞ்சு அது ஒன்றுதான்.

இன்வெர்ட்டரின் ரீங்காரமும் ஏறக்குறைய இதே கதை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சதுர அலையாக மின்சாரம் கொடுக்கும். மின்விசிறியும் சார்ஜரும் அதில் இரையும். சைன் வேவ் வகையில் இது வராது. அதற்காக உடனே புதிது வாங்க வேண்டாம். மடிக்கணினியை முழுவதும் சார்ஜ் செய்துவைத்து, வகுப்பு நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது சார்ஜர் வழியாக ஒயரில் ஏறுவது. நிற்காவிட்டால் மின்விசிறியிலிருந்து காற்றில் வருவது.

காட்பாடித் தமிழாசிரியை

சார்ஜரைப் பிடுங்கியவுடன் நின்றுவிட்டது, ஐயா. ஆகவே ஞாயிறுதோறும் 6 மணிக்கே முழுச் சார்ஜ் ஏற்றி எடுத்துவிடுகிறேன். ரெகுலேட்டரும் மாற்றியாயிற்று, மோடமும் அறை வாசலுக்கு வந்துவிட்டது.

நேற்று வகுப்பு நடந்தது. ‘ஒரிஜினல் சவுண்ட்’ இயக்கி, ஒருவனைத் தவிர எல்லோரும் ஒயர் இயர்போன் மாட்டிக்கொண்ட பிறகு, அதே சொல்வதெழுதுதலை அறிவிக்காமல் மறுபடி வைத்தேன். ‘உழவு’ ஏழு பேருக்கும் சரியாக வந்தது. ‘வலி, வளி, வழி’ மூன்றையும் ஐந்து பேர் பிரித்து எழுதினார்கள். மற்ற இருவர் ‘வலி’யையும் ‘வளி’யையும் இடம் மாற்றிவிட்டார்கள், அவர்களில் ஒருவன்தான் இயர்போன் இன்னும் வந்து சேராதவன், இன்னொருத்தியுடன் இந்த வாரம் தனியாக அரைமணி நேரம் உட்காரப் போகிறேன்.